வாட்ஸ்அப் வந்த பிறகு நம் பேச்சும் செய்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்குக் கைப்பேசி சொல்லித்தரும்போதும், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் வட்டமாக உட்காரும்போதும் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்கள் வேறுவேறு ஆட்கள். ஆனால் பல கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான். முன்பு பேப்பர்காரர் செய்தி சொன்னார், ரேடியோ சொன்னது. இப்போது நமக்கு வேண்டியவர்களே செய்தி சொல்கிறார்கள். அவர்கள்மேல் உள்ள நம்பிக்கை அப்படியே செய்தியின்மேலும் ஏறிவிடுகிறது. என் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

இப்போது யாரும் யாரோடும் பேசுவதே இல்லை என்கிறார்களே, உண்மையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு பேசியதைவிட இப்போது அதிகமாகவே பேசுகிறோம்.

எஸ்டிடி பூத் காலத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி கட்டணம் குறையட்டும் என்று காத்திருந்து, வரிசையில் நின்று, சுவரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேசுவோம். “சரி வச்சிடறேன், பில் ஏறுது” என்பதுதான் பல அழைப்புகளின் கடைசி வரி. அதற்கும் முன்பு தந்தி. தபால்காரர் தந்தியோடு வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும், ஏனென்றால் சாவுச் செய்திக்குத்தான் பெரும்பாலும் தந்தி அடிப்பார்கள். அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலை நடுவில் நிறுத்தப்பட்டது. அதற்குள் மக்கள் அதை ஏறக்குறைய மறந்தே விட்டிருந்தார்கள்.

பெரிய திருப்பம் 2016 செப்டம்பரில் வந்தது. ஜியோ தொடங்கி, அடுத்த வருஷம் மார்ச் வரை டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. போட்டிக்கு மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்து ஓட்டியவர்கள், ஒரே நாளில் அதைத் தீர்க்கத் தொடங்கினார்கள். அப்போதிருந்துதான் காரணமே இல்லாமல் கூப்பிடுவது சாதாரணமானது. துபாயில் இருக்கும் பையன் சமைத்துக்கொண்டே வீடியோவில் அம்மாவிடம் “புளி எவ்வளவு போடணும்?” என்று கேட்கிறான். பூத் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் காசு செலவழித்திருக்க மாட்டார்கள்.

குறைந்துபோனது வேறு ஒன்று. எதிர்பாராமல் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது. “வரலாமா?” என்று மெசேஜ் போடாமல் இப்போது யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. எனக்கு அது ஒரு இழப்பாகத்தான் தெரிகிறது.

என் மாமியார் எதற்கெடுத்தாலும் குரல் பதிவு அனுப்புகிறார். நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம் போகிறது. ஏன் இப்படி?

ஏனென்றால் அவருக்கு அது எழுதுவதைவிட இயல்பானது. வாட்ஸ்அப்பில் இந்த வசதி 2013-இல் வந்தது. ஆனால் நம் ஆட்களுக்குப் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். இங்கே குடும்பமே டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும். மறுபக்கத்தில் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். படிக்கத் தெரியாத தாய்க்கும் மகனுக்கும் நடுவில், கடிதம் எழுதித்தர இன்னொருவர் தேவைப்படாத முதல் வழி அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் மாமியார் செய்வது அதன் தொடர்ச்சி.

கேட்கிறவருக்குச் சிரமம் இருப்பதும் உண்மை. பஸ்ஸில், அலுவலகத்தில் கேட்க முடியாது. அஞ்சு நிமிஷப் பேச்சில் முக்கியமான விஷயம் கடைசி பத்து விநாடியில்தான் வரும். அவரிடம் பதிவைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக, “அவசரம்னா முதல்ல ஒரு வரியில சொல்லிடுங்க அத்தை, கதையை அப்புறம் சாவகாசமா கேட்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். வேகத்தை ஒன்றரை மடங்காக்கிக் கேட்கும் பொத்தானும் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்று: அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். தொலைத்த பிறகு அந்தக் குரலுக்காக ஏங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள் பிள்ளைகள். தமிழ் அழிந்துவிடாதா?

அழியாது என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கணினியில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கருவியிலும் எழுத்து ஒரே மாதிரி தெரியவைக்கும் யூனிகோடு முறை பரவியது, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையின் விரல்கள் ஆங்கில எழுத்துக்குப் பழகிவிட்டன.

இப்போது தடை ஏதும் இல்லை. 2017-இல் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சேர்ந்துவிட்டது; மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழிலேயே எழுதித் தரும். பிள்ளைகளைத் திட்டுவதைவிட அவர்கள் போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுங்கள். வீட்டுக் குழுவில் நீங்கள் தமிழில் எழுதினால் அவர்கள் படித்தே ஆக வேண்டும். கொஞ்ச நாளில் பதிலும் தமிழில் வரும்.

மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது மரியாதைக் குறைவா?

2014 நவம்பரில் நீல டிக் வந்த நாளிலிருந்து நடக்கும் சண்டை இது. கடிதம் போட்டால் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது, ஒரு வாரம் பொறுமையாக இருந்தோம். இப்போது பார்த்தார் என்பது தெரிந்துவிடுகிறது, அதனால் அஞ்சு நிமிஷத் தாமதமே அவமதிப்பாகப் படுகிறது.

என் கருத்து: பார்த்தது வேறு, பதில் சொல்லும் நிலையில் இருப்பது வேறு. மருத்துவமனை வரிசையில் நிற்கிறவரும் போனைப் பார்க்கத்தான் செய்வார். தொல்லையாக இருந்தால் அமைப்புகளில் நீல டிக்கை நிறுத்திவிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பியதை மற்றவர் பார்த்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களுக்கு இந்த நிறுத்தம் செல்லாது.

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழைத்ததாக ஆகுமா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் பத்திரிகை என்பது தகவல் சொல்லும் தாள் மட்டுமில்லை. நாலு மூலையில் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, கணவனும் மனைவியுமாக நின்று “குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்” என்று சொல்வது. அந்தச் சொல்லில்தான் அழைப்பு இருக்கிறது. தேதியும் மண்டபமும் தெரிந்திருந்தும் “எங்களுக்கு முறையா வந்து சொல்லலை” என்று வராமல் இருந்த சொந்தங்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பத்திரிகையில் பெயர் போட்ட வரிசைக்கே பல வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் இருக்கின்றன.

கொரோனா காலத்தில் இது கட்டாயமாக மாறியது. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற நிலையில் பத்திரிகை படமாகப் போனது, தாலி கட்டுவது நேரலையில் போனது. யாரும் குறை சொல்லவில்லை. கட்டுப்பாடு போன பிறகும் அந்த வசதி தங்கிவிட்டது. சிக்கல் இங்கேதான். எல்லோருக்கும் ஒரே படத்தை ஒரே தட்டலில் அனுப்பிவிட்டால், தாய்மாமனும் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரும் ஒன்றாகிவிடுகிறார்கள். மாமனுக்கு மனம் வருந்துவது நியாயம்தானே.

இப்போது பல வீடுகளில் செய்வதும், நான் சொல்வதும் இது. தாய்மாமன், அத்தை, பங்காளிகள், சம்பந்தி வழி, ஊர்ப் பெரியவர்கள் இவர்களுக்கு நேரில் போய் வைப்பதை விடாதீர்கள். தூரத்தில் இருப்பவர்களை முதலில் போனில் கூப்பிட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவர் வாயால் அழைத்துவிட்டு, அதன் பிறகு படத்தை அனுப்புங்கள். படத்துக்குக் கீழே அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். நண்பர்களுக்கும் உடன் வேலை செய்கிறவர்களுக்கும் படம் மட்டுமே போதும். இப்போது யாரும் அதைத் தவறாக எடுப்பதில்லை. குழுவில் பொதுவாகப் போட்டுவிட்டு “இதையே நேரில் அழைத்ததாகக் கருதவும்” என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வரி பலரைப் புண்படுத்துகிறது.

துக்கச் செய்தி இதற்கு நேர்மாறு. அதில் வேகம்தான் முக்கியம். எடுக்கும் நேரம், இடம் இரண்டையும் குழுவில் உடனே போட்டுவிடலாம். மிக நெருங்கியவர்கள் மட்டும் குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாமல், முதலில் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

குடும்பக் குழுவிலிருந்து விலகலாமா?

விலகலாம். 2022-லிருந்து நீங்கள் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனாலும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும், அத்தை கேட்டும் விடுவார். சத்தத்தை நிறுத்திவிட்டு, குழுவை ஆர்க்கைவில், அதாவது கண்ணில் படாத தனிப் பகுதியில், வைத்துவிடுவது நல்லது. வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், யாருக்காவது உடம்பு சரியில்லை என்ற செய்தி நடுவில் கிடக்கும்.

பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டோம். போனிலேயே எல்லாம் வருகிறதே, இனி எதற்கு?

நல்ல கேள்வி. டீக்கடையில் பேப்பர் படித்த பழக்கத்திலிருந்து தொடங்கினால் புரியும். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழில் செய்தி வர வேண்டும் என்பதில் குறியாக இருந்தார். பேப்பர் டீக்கடைக்குப் போனது. ஒருவர் சத்தமாகப் படிக்க, நாலு பேர் கேட்டார்கள், அங்கேயே சண்டையும் போட்டார்கள். முக்கியமான விஷயம், எல்லோர் கையிலும் இருந்தது ஒரே பக்கம். எதிர்க்கட்சிக்காரரும் அதைத்தான் படித்தார்.

போனில் அப்படி இல்லை. உங்கள் திரையில் வருவது எனக்கு வராது. நீங்கள் எதைத் தொட்டீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதை வைத்து அடுத்தது வருகிறது. ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் இரண்டு வேறு தமிழ்நாட்டில் வாழ்கிற மாதிரி ஆகிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு செய்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் மற்றவர் அதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

அதோடு, பேப்பரில் உங்கள் மாவட்டப் பக்கம் ஒன்று இருக்கும். எந்த ஏரி மதகு உடைந்தது, எந்தப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்பதெல்லாம் அதில்தான் வரும். பார்வை எண்ணிக்கையை நம்பி ஓடும் சேனல்களுக்கு ஒரு தாலுகாவின் மதகு கட்டுப்படியாகாது. பேப்பர் இல்லாமல் போனால் முதலில் காணாமல் போவது இந்தச் செய்திதான்.

போனுக்கும் பெரிய பலம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில், 1878-லிருந்து வெளிவரும் ‘தி இந்து’வே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச்சேர முடியவில்லை. அந்த நாட்களில் எந்தத் தெருவில் யார் மாடியில் மாட்டியிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு இருக்கிறது, எங்கே படகு வேண்டும் என்று சொன்னது ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும்தான். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதைப் பார்த்து ஓடினார்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்குப் பிடிக்காத கருத்தும் வரக்கூடிய ஒரு பேப்பரையாவது, அச்சிலோ அதன் தளத்திலோ, முதல் பக்கத்திலிருந்து பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்டு செய்தி உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் இருந்த வயதான அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்தப் பகுதியெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஊர்க்கூட்டம் அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார், கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அந்த வருஷம் நாட்டின் பல பகுதிகளில் இதே வதந்தியால் உயிர்கள் போயின. அப்போது சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பைக்கில் தூக்கிய குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற வரம்பை வாட்ஸ்அப் வைத்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும். 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். ஆனாலும் நிற்கவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. பொய் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் வெளிப்படையாக அறிவித்தார், பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ஊருக்கு ரயிலேறியிருந்தார்கள்.

இதை ஏன் நம்புகிறோம்? அனுப்பியவர் சித்தப்பா. அவர் பொய் சொல்ல மாட்டார், அது உண்மைதான். ஆனால் சித்தப்பாவுக்கும் யாரோ அனுப்பியது அது. அவர் பார்த்தது இல்லை.

சோதிக்க நான் செய்வது இவ்வளவுதான். இரட்டை அம்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஊர், தேதி, பெயர் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன். “நேற்று ஒரு ஊரில்” என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டால் அது முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். செய்தியின் முக்கியச் சொற்களோடு ‘உண்மையா’ என்று சேர்த்துத் தேடினால் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் வரும். படித்தவுடன் கோபமோ பயமோ பொங்கினால் இன்னும் நிதானிப்பேன். அப்படிப் பொங்க வைப்பதற்காகவே எழுதப்பட்டவை நிறைய.

“அனைவருக்கும் பகிரவும்” என்று முடியும் மருத்துவக் குறிப்புகளுக்கு ஒரே பதில்: மருந்தை நிறுத்துவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

பெரியவர் ஒருவர் பொய்ச் செய்தி போட்டால் குழுவில் திருத்தலாமா?

தனியாகச் சொல்லுங்கள். இருபது பேர் நடுவில் மருமகன் திருத்தினால் அவர் செய்தியை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். “மாமா, இது பழைய வீடியோவாம், நீங்களே குழுவுல சொல்லிடுங்களேன்” என்றால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். உயிருக்கோ ஒரு சமூகத்துக்கோ ஆபத்து வரக்கூடிய வதந்தி என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அங்கேயே, அப்போதே, மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஏன்?

முடிவு இல்லாமல் செய்திருக்கிறார்கள். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு, பழைய தூர்தர்ஷனில் நிகழ்ச்சி முடிந்து திரை அணையும். இதில் விரலால் தள்ளத் தள்ள அடுத்தது தயாராக இருக்கிறது. டிக்டாக் நமக்கு இதைப் பழக்கியது. 2020 ஜூன் கடைசியில் அரசு அதைத் தடை செய்ததும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்துக்கு வந்தன. கிராமத்தில் வயல் வேலைக்கு நடுவே ஆடிப் பாடிப் புகழ் சேர்த்த பல பெண்களுக்கு அந்த ஒரே நாளில் பார்வையாளர்கள் எல்லாம் போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

நேரத்தைக் குறைக்க, உட்காரும்போதே டைமர் வைத்துவிடுங்கள். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

வைத்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’, அதாவது வீடியோ வழியாகக் கைது, என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. எந்தக் காவல்துறையும் சிபிஐயும் வீடியோவில் உட்கார வைத்துப் பணம் கேட்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பலர் நேரத்தை இழக்கிறார்கள். ஏமாற்றியவர்கள் குற்றவாளிகள், ஏமாந்தவர் இல்லை.

அம்மாவுக்கு இப்போதுதான் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

அவருக்குப் பேச ஆசை இருக்கும் ஆளிடமிருந்து தொடங்குங்கள். தங்கையோ, வெளியூர்ப் பேத்தியோ. வீடியோ அழைப்பு, அப்புறம் குரல் பதிவு, அப்புறம் தமிழில் பேசி எழுத வைப்பது. உங்கள் அவசரத்துக்குச் சொல்லித்தராதீர்கள். போனை நீங்கள் வாங்கிச் செய்து காட்டாமல், அவர் விரலே தொடட்டும்.

யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்க்க முடியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள், கூடுதலாக ஒரு ரகசிய எண் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். ஓடிபி எண்ணை உங்களுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று பழக்குங்கள். ஃபார்வர்டு செய்வதைக் கடைசியில் சொல்லித்தாருங்கள். சந்தேகமான செய்தி வந்தால் எந்த நேரமானாலும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். அவர் கூப்பிடும்போது எரிச்சல் இல்லாமல் எடுத்துப் பேசுங்கள், அடுத்த தடவையும் கேட்பார்.